சுன்னி, ஷியா பகை எந்த ஆண்டில் தொடங்கியது?

2004 நவம்பரில், ரமலான் மாதத்தின் இறுதி நாட்களில், ஜோர்டான் மன்னர் இரண்டாம் அப்துல்லாவின் ஆதரவில் 'அம்மான் செய்தி' என்ற அறிக்கை வெளியானது. இஸ்லாம் நிதானத்தின் மார்க்கம், தீவிரவாதம் அதற்கு அந்நியமானது என்பது அதன் சாரம். அடுத்த மாதமே அதே மன்னர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், ஈராக்கில் ஈரான் சார்புக் கட்சிகளின் கை ஓங்கிவிட்டால் ஈரானில் தொடங்கி ஈராக், சிரியா வழியாக லெபனான் வரை ஒரு ஷியாப் பிறை, அதாவது முஸ்லிம்களில் சுன்னிகளுக்கு அடுத்த பெரிய பிரிவினரான ஷியாக்களின் செல்வாக்கு வளையம், உருவாகிவிடும் என்று எச்சரித்தார். பிறகு 2005 ஜூலையில் அதே அம்மான் நகரில் ஐம்பது நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு அறிஞர்கள் கூடி, நான்கு சுன்னி மத்ஹபுகளோடு (மார்க்கச் சட்ட வழிகளோடு) ஷியாக்களின் ஜஅஃபரி, ஜைதி வழிகளையும் இபாதி, ளாஹிரி வழிகளையும் பின்பற்றுவோரும் முஸ்லிம்களே, அவர்களில் எவரையும் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று கூறலாகாது என்று தீர்மானம் செய்தார்கள். எட்டு மாதத்திற்குள் ஒரே அரண்மனையிலிருந்து வெளிவந்த இந்த மூன்று பேச்சுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு முதலில் குழப்பமே உண்டாகும்.

இதை இரட்டை வேடம் என்று சொல்லிக் கடந்துவிட நான் விரும்பவில்லை. முதலாவதும் மூன்றாவதும் நம்பிக்கையைப் பற்றிய பேச்சுகள். நடுவில் வந்ததோ நம்பிக்கையைப் பற்றியதே அன்று. நபியவர்களின் குடும்பத்து இமாம்களுக்கே தலைமை என்னும் இமாமத் கோட்பாடு சரியா, தொழுகையில் கைகளைக் கட்டுவதா விடுவதா என்பதைப் பற்றி மன்னருக்கு அந்தப் பேட்டியில் எந்தக் கவலையும் இல்லை. ஈராக்கில் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், அங்குள்ள பெரும்பான்மை மக்கள் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள் என்பதே கவலை. 2006 ஏப்ரலில் எகிப்து அதிபர் ஹொஸ்னி முபாரக் அல் அரபியா தொலைக்காட்சியில் இதையே இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: இந்த வட்டாரத்து ஷியாக்களில் பெரும்பாலோர் தாம் வாழும் நாட்டுக்கு அல்லாமல் ஈரானுக்கே விசுவாசமானவர்கள் என்றார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளின் அரசியலைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆட்சியில் இருப்பவர்கள் பிரிவின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் எழுப்புவது விசுவாசம் யாருக்கு என்ற கேள்வியை, மார்க்க வாதங்கள் பின்னால் வந்து அதற்கு உடை உடுத்துகின்றன.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் வட ஆற்காட்டில் (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த பிறகும் எங்கள் நாக்கு பழைய பெயரைத்தான் சொல்கிறது) ஷியாக்கள் மிகமிகக் குறைவு. மேல்விஷாரத்திலோ பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ பிறந்து வளர்ந்த ஒருவர் தன் வாழ்நாளில் ஒரு ஷியாவோடு பேசாமலேயே இருந்துவிட முடியும். சென்னைக்குப் போகும்போது ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலைத் தாண்டிச் செல்கிறவர்களில் பலருக்கு அது ஷியாக்களின் பள்ளிவாசல் என்பதுகூடத் தெரியாது. ஆனால் வளைகுடாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், யாரோ ஒருவர் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, “இது 1400 வருஷத்துப் பகை, மாமு. இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கவே முடியாது” என்று மிகுந்த தீர்மானத்தோடு சொன்னான். பார்த்தே இராத ஒருவர்மேல் இவ்வளவு உறுதியான கருத்து எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

கருத்து வேறுபாடு பழையதுதான், அதை மறுப்பதற்கில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பின் தலைமை யாருக்கு என்பதில் தொடங்கி, கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் (ரலி) கொல்லப்பட்டதில் ஆறாத காயமாகி, பதினாறாம் நூற்றாண்டில் சஃபவி அரச மரபினர் ஈரானை ஷியா நாடாக்கியபோது அரசுகளுக்கிடையிலான போட்டியாகவும் மாறியது. எனினும் வேறுபாடு பழையது என்பதால் பகையும் அதே சூட்டோடு 1400 ஆண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள முடியாது. 1959இல் கெய்ரோவின் புகழ்பெற்ற சுன்னிக் கல்விக்கூடமான அல் அஸ்ஹரின் தலைவர் ஷேக் மஹ்மூத் ஷல்தூத், ஜஅஃபரி மத்ஹபின்படி வணங்குவது மற்ற மத்ஹபுகளைப் போலவே செல்லத்தக்கது என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்தார். 1962இல் யமனில் மன்னராட்சியைக் கவிழ்த்துக் குடியரசு அமைத்தவர்களுக்கு எகிப்தின் நாசர் பல்லாயிரம் படைவீரர்களை அனுப்பியபோது, கவிழ்க்கப்பட்ட மன்னரான ஜைதி இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்துத் தாங்கியது சவூதி அரேபியா. ஜைதிகள் ஷியாக்களில் ஒரு பிரிவினர். 2015 மார்ச்சில் அதே வட யமனின் ஜைதி சமூகத்திலிருந்து எழுந்த ஹூதிகள்மேல் குண்டு வீசத் தொடங்கியதும் சவூதி தலைமையிலான கூட்டணியே. இடைப்பட்ட காலத்தில் ஜைதிகளின் கோட்பாடு அடியோடு மாறிவிடவில்லை. முடியாட்சிக்குக் குடியரசு எதிரியாக இருந்த உலகம் போய், ஈரான் எதிரியாக இருக்கும் உலகம் வந்துவிட்டது.

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் ஈரானின் மன்னர் ஷாவும் சவூதி மன்னரும் வளைகுடாவில் அமெரிக்கக் கொள்கையின் இரு தூண்கள் என்று பேசப்பட்டார்கள். ஷா ஒரு ஷியா என்பது அப்போது யாருக்கும் பெரிய செய்தியாக இல்லை. அஜர்பைஜானில் பெரும்பான்மை ஷியாக்கள்; ஆனாலும் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு அந்த நாடு போரிட்ட காலத்தில் ஈரான் ஆர்மீனியாவோடுதான் நெருக்கமாக இருந்தது. ஹமாஸ் சுன்னி இயக்கம்; அதற்கு ஆயுதம் கொடுத்தது ஈரான். இப்படி விதிவிலக்குகளை அடுக்கிக்கொண்டே போனால், விதி எது என்ற சந்தேகம் வந்துவிடும்.

பேச்சு எப்படித் தேவைக்கேற்பத் தைக்கப்படுகிறது என்பதற்கு ஈரான் ஈராக் போரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1980 செப்டம்பரில் ஈரானுக்குள் படை நடத்திய சதாம் உசேனின் சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். இது ஷியாக்களுக்கு எதிரான போர் என்று அவர் சொல்லியிருந்தால் சொந்தப் படையே கலைந்திருக்கும். ஆகவே அவர் ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் சாசானியப் பாரசீகரை வென்ற காதிசிய்யாப் போரை எடுத்துக்கொண்டார். தன் போருக்கு 'சதாமின் காதிசிய்யா' என்று பெயரிட்டு, அதை அரபுக்கும் பாரசீகத்துக்கும் இடையிலான போராகப் பேசினார். தன்னை அலி (ரலி) அவர்களின் வழித்தோன்றல் என்றும் அறிவித்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் ஈரான் தன் தாக்குதல்களுக்குக் கர்பலா என்று பெயரிட்டு எண் கொடுத்தது. ஜெருசலேமுக்குப் போகும் பாதை கர்பலா வழியாகச் செல்கிறது என்று முழங்கியது. எட்டு ஆண்டுகள் ஈராக்கிய ஷியா ஈரானிய ஷியாவைச் சுட்டான். ஈரானின் குஜஸ்தான் மாநிலத்து அரபுகளும் சதாம் எதிர்பார்த்தபடி அவருக்காக எழவில்லை. ஆனால் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், குவைத்தில் தோற்றுத் திரும்பிய படையைக் கண்டு 1991இல் ஈராக்கின் தென்பகுதி கிளர்ந்தெழுந்தபோது, அதை ஒடுக்க வந்த பீரங்கி வண்டிகளில் 'இன்றைக்குப் பின் ஷியா இல்லை' என்று எழுதியிருந்தது. அதுவரை அரபு வீரனாக இருந்தவன் ஆட்சிக்கு ஆபத்து வந்த அன்று ஷியா ஆகிவிட்டான்.

மேடையில் பேசுவதைவிட அலுவலகத்தில் பேசப்படும் சொல்லே ஆழமாக இறங்கும் என்பது என் அனுபவத்திலிருந்து வரும் எண்ணம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்துவிட்டால் அது மனிதரை என்ன செய்யும் என்று ஓரளவு அறிவேன். 1980இல் பாகிஸ்தானின் இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் பிறப்பித்த ஜகாத் (மார்க்கக் கடமையான தானம்), உஷ்ர் (விளைச்சலில் தரும் பங்கு) அவசரச் சட்டத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை. ரமலான் முதல் நாளன்று வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து இரண்டரை விழுக்காட்டை அரசே ஜகாத்தாகப் பிடித்துக்கொள்ளும் என்றது சட்டம். நாடு முழுவதையும் இஸ்லாமிய மயமாக்குகிறேன் என்ற முழக்கத்தின் ஒரு பகுதி அது. ஆனால் எந்த இஸ்லாம்? ஜஅஃபரி சட்டப்படி அரசு இவ்வாறு கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வதை ஷியாக்கள் ஏற்கவில்லை. ஜூலை மாதம் இஸ்லாமாபாத்தில் ஆயிரக்கணக்கில் கூடித் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். இராணுவ ஆட்சி பணிந்தது. தம் மத்ஹபின்படி இந்தப் பிடித்தம் பொருந்தாது என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பவர்களுக்கு விலக்கு கிடைத்தது.

இதன் விளைவை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். லாகூரிலோ கராச்சியிலோ ஒரு சாதாரணக் கணக்குதாரர், பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாமலிருந்த தன் மத்ஹபைப் பணம் போடும் சன்னலில் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவரானார். சி.இசட்.50 என்ற அந்தப் படிவம் பாகிஸ்தான் வங்கிகளில் எல்லோரும் அறிந்த ஒன்று. பிடித்தத்தைத் தவிர்ப்பதற்காகச் சில சுன்னிகளும் தம்மை ஷியா என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று அக்காலத்திலேயே பரவலாகப் பேசப்பட்டது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். எதிர்த்தரப்பு மேடைகளில் அது வேடிக்கையாக இல்லை: ஒரு சிறுபான்மை கூட்டம் கூடி அரசை மிரட்டித் தனிச் சலுகை வாங்கிவிட்டது, நம்முடைய பெரும்பான்மைக்கு என்ன மதிப்பு என்று அங்கே கேட்கப்பட்டது. 1985இல் பஞ்சாபின் ஜங் நகரில் ஷியா எதிர்ப்பு இயக்கமான சிப்பா சஹாபா தோன்றியது. அந்த வட்டாரத்தில் பெருநிலக்கிழார்களில் பலர் ஷியாக்கள். கடைத்தெரு வணிகர்களும், பிரிவினையின்போது கிழக்குப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறியவர்களும் பெரும்பாலும் சுன்னிகள். நிலக்கிழாரை எதிர்த்து வாக்குக் கேட்க வேண்டியவருக்கு நிலத்தைப் பற்றிப் பேசுவதைவிட நிலக்கிழாரின் மத்ஹபைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது. அதற்கு வெளியிலிருந்து பணமும், ஆஃப்கான் போரிலிருந்து துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. ஈரான் புரட்சியின் உற்சாகத்தில் மறுபக்கத்திலும் ஆயுதக் குழுக்கள் முளைத்தன. அந்த நாட்டை உருவாக்கிய ஜின்னா ஒரு கோஜா ஷியாக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாகிஸ்தானில் அதற்கும் முன்பே படிவங்களின் கதை தொடங்கிவிட்டது. 1953இல் அகமதியாக்களுக்கு எதிராகப் பஞ்சாபில் நடந்த கலவரத்தை விசாரித்த நீதிபதிகள், முஸ்லிம் என்பவர் யார் என்று மார்க்க அறிஞர்களான உலமாக்களைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, எந்த இருவரின் விளக்கமும் ஒத்துப்போகவில்லை என்று 1954இல் தங்கள் அறிக்கையில் பதிவு செய்தார்கள். 1974இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதார் என்று அறிவித்தது. தன்னை முஸ்லிம் என்று எழுதிப் பாஸ்போர்ட் கேட்கும் பாகிஸ்தானியர் இன்றும் அதற்கென்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அறிஞர்கள் முடிக்க முடியாத விவாதத்தை ஓர் அரசியல் வாக்கெடுப்பு முடித்து வைத்தது.

ஈரானின் பேச்சையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. புரட்சியின் தலைவர் கொமெய்னி தன்னைச் சுன்னிகளுக்கு எதிரியாகக் காட்டிக்கொள்ளவில்லை. நபியவர்களின் பிறந்த நாளைச் சுன்னிகள் ரபீஉல் அவ்வல் 12இலும் ஷியாக்கள் 17இலும் கொண்டாடுவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை ஒற்றுமை வாரம் என்று அறிவித்தது அவருடைய ஆட்சி. சவூதியைத் தாக்கும்போது அவர் பயன்படுத்திய சொல் 'அமெரிக்க இஸ்லாம்'. ஆனால் 1979ஆம் ஆண்டின் ஈரானிய அரசியலமைப்பில் பன்னிரு இமாம்களை ஏற்கும் ஜஅஃபரி வழியே நாட்டின் அதிகாரபூர்வ மத்ஹப், அது என்றென்றும் மாறாதது என்று எழுதப்பட்டது. சுன்னி ஒருவர் அங்கே குடியரசுத் தலைவராக முடியாது. வெளியே ஒற்றுமையையும் உள்ளே முன்னுரிமையையும் பேசுகிற இந்தக் கலையை ஜோர்டான் மன்னர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

2003க்குப் பிந்தைய ஈராக்கைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்கு முக்கியமாகப் படுவது ஓர் எண்கணக்கு. அமெரிக்க நிர்வாகம் அந்த ஜூலையில் அமைத்த 25 பேர் கொண்ட ஆட்சிக் குழுவில் 13 ஷியாக்கள், 5 சுன்னி அரபுகள், 5 குர்துகள், ஒரு துருக்மேனியர், ஒரு அசிரியக் கிறிஸ்தவர். அந்தக் குழுவில் ஒரு கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் இருந்தார். அவரும் ஷியாக்களின் 13இல் ஒருவராகவே எண்ணப்பட்டார். பங்கு இப்படிப் பிரிந்த பிறகு, ஊருக்குச் சாலையும் மின்சாரமும் கேட்கிறவர்கூடப் பிரிவின் பெயரால் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை தானாகவே வந்துவிடும். 2004இன் தொடக்கத்தில் பிடிபட்ட கடிதமொன்றில் சுன்னி ஆயுதக் குழுத் தலைவர் அல் சர்காவி தன் திட்டத்தை மறைக்காமல் எழுதியிருந்தார்: ஷியாக்களைத் தாக்கினால் அவர்கள் திருப்பித் தாக்குவார்கள், அப்போதுதான் உறங்கும் சுன்னிகள் விழிப்பார்கள் என்று. பகை இருந்ததால் தாக்கவில்லை. பகை போதாததால் தாக்கினார். 2006 பிப்ரவரி 22 அன்று சமாரா நகரில் ஷியாக்கள் போற்றும் அடக்கத்தலத்தின் பொற்குவிமாடம் தகர்க்கப்பட்ட பிறகு அவர் விரும்பியது நடந்தது.

2013 டிசம்பரில், அன்பார் மாநிலத்துச் சுன்னிகளின் போராட்டம் ஓராண்டைத் தொட்டிருந்த வேளையில், பிரதமர் நூரி அல் மாலிக்கி கர்பலாவில் நின்று, ஹுசைனின் ஆதரவாளர்களும், அவரைக் கொன்ற படையை ஏவிய ஆட்சியாளர் யஜீதின் ஆதரவாளர்களும் மீண்டும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று பேசினார். இந்தப் பேச்சை எங்கள் ஊரிலிருந்து கேட்பவனுக்கு இதன் கொடுமை கூடுதலாகவே தெரியும். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஹுசைன் என்று பெயர் வைக்கிறோம்; யஜீத் என்று பெயர் வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் முஹர்ரத்தின்போது பஞ்சா எடுத்து, இந்துக்களும் சேர்ந்து அல்லாசாமி பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள். அங்கே ஹுசைனை நினைத்தவர்களில் ஷியாவே இல்லை. (இந்தப் பழக்கம் மார்க்கத்தில் உண்டா இல்லையா என்பது வேறு சண்டை, அதற்குள் இப்போது போகவில்லை.) கோடிக்கணக்கான சுன்னிகள் தம்முடையவராகக் கருதும் ஹுசைனை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவர்கள் யாரும் உரிமை கோராத யஜீதை அவர்கள் கையில் திணித்தது அந்த ஒரு பேச்சு. ஆறு மாதத்தில் மோசூல் நகரம் சுன்னித் தீவிரவாதக் குழுவான ஐஎஸ் கையில் விழுந்தது. அதற்குப் பேச்சு மட்டும் காரணமில்லை என்பது உண்மை. ஊழலும் படையின் சீர்கேடும் இருந்தன. இருந்தாலும் அந்த நகரத்தவர்கள் தங்களை யஜீதின் கூட்டமாகப் பார்க்கும் அரசுக்காக ஏன் போராட வேண்டும்?

அதே நாட்டில் ஷியா மதத்தலைமையிலிருந்து வேறு விதமான பேச்சும் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நஜஃபின் ஆயத்துல்லா சிஸ்தானி, சுன்னிகளை நம் சகோதரர்கள் என்று சொல்லாதீர்கள், அவர்கள் நாமேதான் என்று தம்மைப் பின்பற்றுவோருக்குச் சொல்லிவந்தவர். 2014 ஜூன் 13 அன்று ஐஎஸ் படையை எதிர்க்க அவர் விடுத்த அழைப்பும் ஆயுதம் ஏந்தக்கூடிய குடிமக்கள் எல்லோரையும் விளித்தது. ஆனால் அந்த அழைப்பை ஏற்று வந்தவர்களைப் பெருமளவில் அணி திரட்டிக்கொண்டவை ஷியாக் கட்சிகளின் ஆயுதக் குழுக்களே. சொல்பவரின் நோக்கம் ஒன்றாக இருந்தாலும், அந்தச் சொல்லை ஏந்திச் செல்லும் வாகனம் யாருடையது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

பஹ்ரைனைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2011 பிப்ரவரியில் முத்துச் சதுக்கத்தில் கூடியவர்கள் 'சுன்னியும் இல்லை, ஷியாவும் இல்லை, பஹ்ரைனியர் மட்டுமே' என்று முழங்கினார்கள். மார்ச் 14 அன்று சவூதிப் படைகள் வந்தன. 18 அன்று சதுக்கத்தின் நினைவுச்சின்னமே இடித்துத் தள்ளப்பட்டது. பின்னால் ஈரான் இருக்கிறது என்றது அரசு. மன்னரே அமைத்த பஸ்ஸியூனி விசாரணைக் குழு அந்த ஆண்டு நவம்பரில், தன்னிடம் காட்டப்பட்ட சான்றுகளைக் கொண்டு ஈரானுக்கும் அந்த நிகழ்வுகளுக்கும் தொடர்பை நிறுவ முடியவில்லை என்று எழுதியது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? தொலைக்காட்சி பார்த்தவர்களே அதிகம்.

தொலைக்காட்சி என்றதும் யூசுஃப் அல் கர்ளாவி நினைவுக்கு வருகிறார். அல் ஜசீராவின் வழியே கோடிக்கணக்கானோர் கேட்ட சுன்னி அறிஞர் அவர். மத்ஹபுகளை நெருங்கச் செய்யும் முயற்சிகளில் நெடுங்காலம் ஈடுபட்டவர். 2006இல் இஸ்ரேலோடு நடந்த போரின்போது லெபனான் ஷியா இயக்கமான ஹிஸ்புல்லாவின் ('இறைவனின் கட்சி' என்பது பெயரின் பொருள்) தலைவர் நஸ்ரல்லாவின் படம் சுன்னிகளின் கெய்ரோவிலும் தூக்கிப் பிடிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகள் கழித்து, சிரிய அதிபர் அசதுக்காக அந்நாட்டின் குஸைர் நகரில் ஹிஸ்புல்லா போரிட்டபோது, கர்ளாவி அதைச் சாத்தானின் கட்சி என்று அழைத்து, இயன்ற சுன்னிகள் எல்லாம் சிரியாவுக்குச் சென்று போரிடும்படி கூறினார். இதுநாள் வரை ஒற்றுமை பேசிய தாம் தவறிவிட்டதாகவும் சவூதி அறிஞர்களே சரியாகக் கணித்தார்கள் என்றும் சொன்னார். நஸ்ரல்லா தன் பங்குக்கு எதிரிகளைச் சுன்னிகள் என்று கூறவில்லை, தக்ஃபீரிகள் (பிற முஸ்லிம்களைக் காஃபிர் என்போர்) என்றார். எனினும் லெபனானின் ஷியா இளைஞர்களைச் சிரியாவுக்கு இழுத்த முழக்கம், 'ஜைனப் இரண்டாம் முறை சிறைபட மாட்டார்' என்பது. ஜைனப், கர்பலாவுக்குப் பின் சிறைபிடிக்கப்பட்ட ஹுசைனின் சகோதரி. டமாஸ்கஸ் அருகே உள்ள அவருடைய அடக்கத்தலத்தைக் காப்பதில் தொடங்கிய சொல், அதிலிருந்து நூறு கல் தொலைவில் நடந்த சண்டைகளுக்கும் அனுமதிச் சீட்டானது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வேலூர் வட்டாரம் மார்க்கக் கல்விக்குப் பேர்போனது. வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத், ஹஜ்ரத் மகானில் லத்தீபிய்யா, ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்று மூன்று பெரிய கல்விக்கூடங்கள். பாகவி, லத்தீபி, உமரி என்று பட்டம் பெற்று வெளிவரும் ஹஜ்ரத்மார்கள் மவ்லித், தர்கா, மத்ஹபைப் பின்பற்றுதல் ஆகியவற்றில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். 1980களுக்குப் பிறகு வளைகுடாப் பயணமும் ஒலிநாடாக்களும் சேர்ந்து புதிய அணிகளைக் கொண்டுவந்தன. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்பதில் பள்ளிவாசல் பிரிந்திருக்கிறது. பிறை தகராறில் ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் நடந்திருக்கிறது. கபரஸ்தானில் அடக்குவதில் சிக்கல் வந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை வரை போன ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. இவற்றைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்தம் பேசி முடித்த வீடுகளில் அணி வேறு என்பதற்காகத் திருமணம் நின்ற வருத்தத்தை அருகிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் எந்த ஊரும் ஜங் ஆகவில்லை. எங்கள் மக்கள் பொறுமைசாலிகள் என்று இதற்கு விளக்கம் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. இங்கே பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அப்பால் கைப்பற்றுவதற்கு அரசு எதுவும் இல்லை. எந்த அணியும் இன்னோர் அணியின் பாஸ்போர்ட்டில் கைவைக்க முடியாது; எந்த ஹஜ்ரத்தும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் பிடிக்க முடியாது. தேர்தல் கணக்கோ நேர் எதிராக வேலை செய்கிறது: முஸ்லிம்கள் பலமுறை வென்ற வாணியம்பாடி போன்ற தொகுதியில் வாக்குக் கேட்பவர் சமுதாயம் என்று மொத்தமாகப் பேசினால்தான் வெல்ல முடியும், அணி பிரித்துப் பேசினால் வைப்புத்தொகை போய்விடும். அதனால் இங்கே அரசியல் பேச்சு ஒற்றுமையையும் பயான் (மார்க்கப் பேச்சு) மேடை பிரிவையும் பேசுகின்றன. ஜியாவின் பாகிஸ்தானில் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. சொல்லால் உறவு உண்டாக்க முடியும் என்பதைத் தமிழருக்கு வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. 'உடன்பிறப்பே' என்ற ஒரு விளியால் கட்சிக்காரர் குடும்பத்தவரானதை வேலூர்க் கோட்டை மைதானத்தில் தரையில் உட்கார்ந்து கேட்ட தலைமுறை என்னுடையது. அதே கலையால் உறவை அறுக்கவும் முடியும் என்பது எங்கள் உறவுக்காரப் பையனின் கைப்பேசியில் இருக்கும் ஒலிப்பதிவில் தெரிகிறது. அதைக் கேட்டுப் பார்த்தேன். சிரியாப் போர்க்காலத்துப் பேச்சு. பேசியவர் யாரென்று தெரியவில்லை. சொல்லும் செய்திகளில் பாதி, விஸால் போன்ற சேனல்கள் சுன்னிப் பக்கமும் இங்கிலாந்திலிருந்து ஒளிபரப்பான ஃபதக் ஷியாப் பக்கமும் நின்று நாள்தோறும் ஏசிக்கொண்ட காலத்தின் எச்சம்.

அந்தப் பேச்சுக்குக் காசு கொடுத்தவர்கள் அதன்பின் எவ்வளவோ நகர்ந்துவிட்டார்கள் என்பதை அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் சவூதியும் ஈரானும் தூதரக உறவை மீட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டன. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது அதைக் கண்டித்த சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கை, ஈரானைச் 'சகோதர இஸ்லாமியக் குடியரசு' என்று குறிப்பிட்டது. அவன் நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்போ இவ்வளவு நாள் சொன்னது?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. மன்னர்கள் ஓர் ஒப்பந்தத்தால் தங்கள் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். கேட்டவர்களிடம் அதைத் திரும்பப் பெறுவதற்கான ஏற்பாடு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

மக்கள் எப்போதும் சொன்னதைக் கேட்பவர்கள் என்றும் எண்ண வேண்டாம். 2019 அக்டோபரில் பாக்தாதிலும் நாசிரிய்யாவிலும் கர்பலாவிலும் தெருவுக்கு வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள்; அவர்கள் எதிர்த்தது ஷியாக் கட்சிகளின் ஆட்சியை; அவர்களுடைய முழக்கம் 'எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்'. நவம்பர் 27 அன்று நஜஃபிலிருந்த ஈரானியத் துணைத் தூதரகமே தீக்கிரையானது. அவர்களையும் வெளிநாட்டுக் கைக்கூலிகள் என்றுதான் ஆளும் தரப்பினர் சொன்னார்கள், இம்முறை வெளிநாடு மட்டும் ஈரானுக்குப் பதில் அமெரிக்கா. நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகினார். 2021இல் முன்கூட்டியே தேர்தலும் நடந்தது. அந்தத் தேர்தலுக்குப் பின் ஓராண்டு பேரம் பேசி 2022 அக்டோபரில் அமைந்த அரசில் பிரதமர் ஷியா, நாடாளுமன்றத் தலைவர் சுன்னி, குடியரசுத் தலைவர் குர்து; அமைச்சகங்களும் பழைய கணக்குப்படியே கட்சிகளுக்குள் பிரித்துக்கொள்ளப்பட்டன.